சிக்னல் கிடைக்கும் வளைவு

அந்தக் குழந்தையின் இரண்டு கால்களையும் துண்டால் இறுக்கிக் கட்டியிருந்தான் அந்த ஆள். சைக்கிள் கேரியரில் உட்கார வைத்து, ஒரு காலை இந்தப் பக்கத்துக் கம்பியோடும், இன்னொரு காலை அந்தப் பக்கத்துக் கம்பியோடும் முடிச்சுப் போட்டிருந்தான். பார்த்ததும் தேவயானிக்கு ரத்தம் கொதித்தது.

"பாண்டுரங்கா, நிறுத்து வண்டியை!"

டிரைவர் பாண்டுரங்கன் ஜீப்பைச் சைக்கிளுக்குக் குறுக்கே நிறுத்தினான். நெல்லிவாசல்நாட்டுக்குப் போகும் மலைச்சாலையில் செல்போன் சிக்னல் எட்டிப் பார்ப்பது அந்த ஒரு வளைவில்தான். தேவயானியின் கோபமும் இடம் பார்த்துத்தான் வந்திருந்தது.

வேலூரில் 'மழலைக் கவசம்' என்ற தொண்டு நிறுவனம் நடத்துகிறவள் அவள். போன வருடம் மூன்றே மாதத்தில் நாற்பது கூட்டங்களில் பேசி, குழந்தைப் பாதுகாப்புக்காக மாவட்ட அளவில் கேடயம் வாங்கியாயிற்று. இந்த வருடம் மாநில விருதின் மேல் ஒரு கண். உருப்படியாக ஒரு கொடுமை கண்ணில் படாதா என்று காலையிலிருந்து மலை முழுக்கத் தேடிக்கொண்டிருந்தாள்.

செல்போனைத் தூக்கி நேரலையைத் தொடங்கினாள்.

"மக்களே, பாருங்க! இந்தக் காலத்துலயும் ஒரு பச்சப் புள்ளையைக் கட்டிப்போட்டுக் கொண்டுபோறான். என் நெஞ்சு பதறுது!"

பதறுகிற நெஞ்சோடு முன்முடியை ஒருமுறை ஒதுக்கிக்கொண்டு, செல்போனை அந்த ஆளிடம் திருப்பினாள்.

அவன் ஒரு காலை ஊன்றி நின்று வாயெல்லாம் பல்லாகச் சிரித்தான். "வணக்கங்க மேடம். நல்லா கீறீங்களா?"

"சிரிக்காதே! உன் பேர் என்ன?"

"தீர்த்தகிரிங்க. இவ எம் பொண்ணு அபிநயா. பால்வாடிக்கு இட்டுனு போறேன். கட்டு சரியாத்தாங்க கீது, பாருங்க."

செய்ததையும் செய்துவிட்டு அதைக் காட்ட வேறு செய்கிறான், என்ன திமிர் என்று தேவயானிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதற்குள் நேரலையில் முந்நூறு பேர் சேர்ந்திருந்தார்கள். சிவந்த கோப முகங்கள் திரையில் வரிசையாக மிதந்தன.

"உன்மேல கேஸ் போடுவேன். பிள்ளையைப் பிரிச்சு ஹோம்ல சேர்த்துடுவேன், தெரியுமா?"

தீர்த்தகிரியின் சிரிப்பு போய்விட்டது. "இன்னாங்க இப்படிச் சொல்றீங்க? கீழ வரைக்கும் எறக்கமுங்க. காலு தொங்கினா சக்கரத்துல மாட்டிக்கும். வீரன் மவனுக்கு அப்படித்தான் குதிங்காலு பிஞ்சு, ஒடுகத்தூருக்குத் தூக்கினு ஓடினோம்."

"கதை விடாதே!"

தேவயானி குனிந்து முடிச்சுகளை அவிழ்த்துத் துண்டைத் தூர எறிந்தாள். அபிநயா அழவில்லை. அவிழ்த்த காலை அவளிடமே திரும்ப நீட்டினாள். வலிக்கிறது, தடவிவிடச் சொல்கிறது குழந்தை என்று தேவயானி நேரலைக்கு விளக்கம் கொடுத்தாள்.

"இப்படியே ஏறிப் போ. குழந்தை சுதந்திரமாப் போறதை எல்லாரும் பார்க்கட்டும்."

முன்னால் சாலை சரசரவென்று கீழே இறங்கியது. அபிநயாவின் கால்கள் சக்கரத்துக்கு ஒரு விரற்கடை தூரத்தில் ஆடின. தீர்த்தகிரி இறங்கி, சைக்கிளை இடுப்பில் சாய்த்துக்கொண்டு, மகளின் குதிகால்கள் இரண்டையும் கைகளால் பொத்திக்கொண்டான்.

"மாட்டேங்க. கேஸே போட்டாலும் பரவால்ல. எம் பொண்ணு காலு போச்சுன்னா நீங்க குடுப்பீங்களா?"

பாண்டுரங்கனுக்கே மனசு கேட்கவில்லை. "மேடம், அந்தாளு சொல்றது நாயந்தானே..." என்று இழுத்தான்.

"நீ வண்டியைப் பாரு!"

எதிர்த்துப் பேசினான் என்றதும் நேரலையில் கூட்டம் ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. விருதுக் குழுவில் இருக்கும் இரண்டு பேரின் பெயர்களும் அதில் தெரிந்தன. இவனைப் பிடித்து என்ன புண்ணியம், இவனுக்குப் பாடம் நடத்திய ஆளைப் பிடித்தால் விருது வீடு தேடி வருமே என்று தேவயானிக்கு மின்னலாகத் தோன்றியது.

"இந்தக் காட்டுமிராண்டித்தனத்தை உனக்கு யார் சொல்லிக்கொடுத்தது?"

தீர்த்தகிரி செல்போனைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். "வேணாங்க மேடம். வுட்டுடுங்க."

"பயப்படாதே, சொல்லு. ஊரே பார்க்குது. யாரா இருந்தாலும் கம்பி எண்ண வைக்காம விடமாட்டேன்."

"போன வருசம் பள்ளிக்கூடத்துல கூட்டம் போட்டாங்க. ஒரு அம்மா வந்தாங்க. எம் பொண்ணு இவளைத்தான் மேடையில ஏத்தி, சைக்கிள்ல உக்கார வெச்சு, அவங்க கையாலயே கட்டிக் காமிச்சாங்க. அன்னையிலருந்து ஊர்ல அல்லாரும் அப்படித்தாங்க கட்டறோம்."

"கேட்டீங்களா மக்களே! ஒரு பொம்பளையே இதைச் செஞ்சிருக்கா. மனசாட்சி இல்லாத ஜென்மம்! இவளையெல்லாம் மேடையேத்தினவங்களைச் சொல்லணும்." தேவயானி செல்போனை அவன் வாயருகே கொண்டுபோனாள். "யார் அவ? பேரைச் சொல்லு!"

தீர்த்தகிரி மகளின் காலை விடாமலே நிமிர்ந்து பார்த்தான்.

"பேரு எனக்குத் தெரியாதுங்களே. உங்க பேரு இன்னாங்க மேடம்?"