பஞ்சுக் கிட்டங்கிக்கு ஒரு குமாஸ்தா

"இந்தத் தொப்பியை எந்த நாடகக் கொட்டகையிலே வாங்கினீக?"

நாமக்காரர்தான் கேட்டார். பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்திருந்தவரின் தலையில் துரைமார் வைக்கும் பெரிய வெள்ளைத் தொப்பி. கீழே கறுப்புக் கோட்டு, டை. டைக்கும் மேலே, எல்லாருக்கும் தெரியும்படி ஒரு பித்தளைச் சிலுவை. காலில் பூட்ஸ். அது கடித்ததால் அவர் ஒரு காலை மாற்றி ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

ராஜபாளையத்தில் புதிதாகக் கட்டிய நூல் மில்லின் ஆபீஸ் வராந்தா அது. பஞ்சு மூட்டை அடுக்கும் கிட்டங்கிக்கு ஒரு குமாஸ்தா வேண்டும் என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். எழுதிப் போட்டவர்களில் இரண்டு பேரை மட்டும் நேரில் வரச் சொல்லியிருந்தார்கள். வேலை ஒன்றுதான்.

"எங்க வாங்கினா உங்களுக்கென்ன?" என்றார் தொப்பிக்காரர். "இண்டர்வியூன்னா அதுக்குன்னு ஒரு உடுப்பு இருக்கு. மெஷின் மாட்ட வந்திருக்கிற வெள்ளைக்காரத் துரை சொல்லுறதுதான் இங்கே சட்டம். நீங்க என்னடான்னா கருட சேவைக்குப் புறப்பட்ட மாதிரி வந்திருக்கீக."

நாமக்காரர் பஞ்சகச்சம் கட்டி, அங்கவஸ்திரம் போர்த்து, துளசி மாலையும் போட்டிருந்தார். நாமம் நெற்றியை அடைத்துக்கொண்டிருந்தது. வேர்வையில் நடுக்கோட்டுச் சிவப்பு இறங்கிவர, துடைத்தால் அழிந்துபோகுமே என்று கீழுதட்டைப் பிதுக்கி மேல்நோக்கி ஊதிக்கொண்டிருந்தார்.

"துரை மெஷினுக்குத்தான் துரை. ஆள் எடுக்கிறது மானேஜர்," என்றார் அவர், ஊதுவதற்கு நடுவில். "ஆடி மாசம் சீவில்லிபுத்தூர் தேர்வடத்தைத் தொடாம அவரு பச்சைத் தண்ணி குடிக்க மாட்டாராம். நாமம் இல்லாத நெத்தியைப் பார்த்தா அன்னைக்கு அவருக்கு வேலையே ஓடாதாம்."

"யார் சொன்னா?"

"சொல்ல வேண்டியவுக சொன்னாக."

"எனக்கும் சொல்ல வேண்டியவுகதான் சொன்னாக. துரைக்குத் தன் வேதத்து ஆளுன்னா உசுராம்."

கதவருகே நின்ற டபேதார் பிச்சை முகம்மது இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு இப்படி ஒரு வேடிக்கை பார்ப்பது அவருக்குத் திருப்தியாக இருந்தது.

"ஒண்ணு கேக்கேன், கோவிச்சுக்கிடாதீக," என்றார் தொப்பிக்காரர். "சீவில்லிபுத்தூர்ப் பக்கம் நாமத்துக்கு மூக்கு மேலே பாதம் வச்சு இழுப்பாக. உங்களுக்கு ஏன் புருவத்தோட நின்னுபோச்சு?"

"காலையிலே அவசரம்." நாமக்காரர் அவசரமாகப் பேச்சை மாற்றினார். "அது கிடக்கட்டும். உங்க சிலுவை பின்பக்கமாத் திரும்பிக் கிடக்கு. அதிலே இருக்கிறவரு உங்க சட்டைத் துணியைப் பார்த்துக்கிட்டிருக்காரு."

தொப்பிக்காரர் குனிந்து அதைத் திருப்பிப் போட்டார். உள்ளே ஒரு கடிகாரம் பத்து அடித்தது.

"எனக்கு இது ஏழாவது இண்டர்வியூ," என்றார் தொப்பிக்காரர், குரல் இறங்கி. "இதுவும் போச்சுன்னா மாமனார் கடையிலே உக்காந்து சீரகப் பொட்டலம் மடிக்க வேண்டியதுதான். அவரு இப்பவே சணல் கயிறு வாங்கி வச்சிட்டாரு."

"உங்களுக்காவது மாமனாரும் கடையும் இருக்கு. இந்த வேலை கிடைச்சாத்தான் பொண்ணு தருவேன்னு எனக்குச் சொல்லியிருக்காக."

டபேதார் தொண்டையைச் செருமினார். "துரையப் பத்திப் பேசிக்கிட்டீகளே, அவரு நேத்தே கோயம்புத்தூர் போயிட்டாரு. வர எட்டு நாளாகும். இன்னைக்கு எல்லாம் மானேஜர் ஐயாதான்."

தொப்பிக்காரரின் கை தானாகச் சிலுவையைச் சட்டைக்குள் தள்ளப் பார்த்தது. டையும் கோட்டும் இடம் கொடுக்கவில்லை.

"இப்பம் மறைச்சு என்ன செய்ய?" என்றார் நாமக்காரர், நெற்றியை நிமிர்த்தி. "மனுசனுக்கு வெக்கம் வேணும். உத்தியோகத்துக்காகச் சாமியை உள்ளே தள்ளலாமா?"

கதவு திறந்தது. மானேஜரே வெளியே வந்தார். அவருடைய நாமம் மூக்குவரை ஒழுங்காக இறங்கியிருந்தது. கையில் இரண்டு விண்ணப்பங்கள். பெஞ்சின் இந்த முனையையும் அந்த முனையையும் ஒரு முறை பார்த்தார். அதற்குமேல் அவர் எதையும் கேட்கவில்லை.

"ரெங்கமன்னார்ங்கிற பேரைப் படிச்சதுமே தீர்மானம் பண்ணிட்டேன். பெருமாள் பேரு," என்று நாமக்காரரின் தோளைத் தட்டினார். "உள்ளே வாரும். இன்னைக்கே கையெழுத்துப் போட்டுச் சேர்ந்துக்கலாம்."

நாமக்காரர் எழுந்தார். சர்டிபிகேட் இருந்த உறையை அங்கவஸ்திரத்துக்குள் செருகிக்கொண்டு, "சர்டிபிகேட்டு..." என்று இழுத்தார்.

"அதுதான் நெத்தியிலேயே இருக்கே, ஓய்." மானேஜர் சிரித்தார். பிறகு மறுமுனையைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். "நீங்க போகலாம், மிஸ்டர் சூசை."

கதவு சாத்திக்கொண்டது.

தொப்பிக்காரர் பூட்ஸோடு தடுமாறி எழுந்து கதவைத் தள்ளப் போனார். டபேதார் குறுக்கே நின்றார்.

"வழியை விடுங்க. நான்தான்யா ரெங்கமன்னார்."

டபேதார் அவரைத் தொப்பியிலிருந்து பூட்ஸ்வரை ஒரு தரம் பார்த்தார். "ஆமா. நான்தான் ஜில்லா கலெக்டரு. இறங்குற படி அந்தப் பக்கம்."

தொப்பிக்காரர் தொப்பியைக் கழற்றினார். உள்ளே சுருட்டி அமுக்கி வைத்திருந்த குடுமி அவிழ்ந்து கோட்டுக் காலரில் விழுந்தது. திறந்த வாயை மூடாமல் டபேதார் கதவை ஒரு விரலளவு தள்ளி எட்டிப் பார்த்தார். உள்ளே சூசை, எழுத்துப் பிழை வந்துவிடக் கூடாதே என்று நிதானமாக, 'ரெங்கமன்னார்' என்று கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.