பச்சை வளையங்கள்

நுண்ணோக்கியில் கண்ணைப் பொருத்தியதும் அறை இல்லாமல் போனது.

இருட்டு. அதில் மிதக்கும் பச்சை வளையங்கள்.

குளத்தில் முங்கி, கண்ணைத் திறந்துகொண்டது போலிருந்தது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். விட்டால் எல்லாம் கலைந்துவிடும் என்று தோன்றியது.

அவளுடைய தோல்தான் அது. போன வாரம் கையிலிருந்து ஒரு பொட்டளவு எடுத்திருந்தார்கள்.

"செல்லுக்கு நடுவுல உட்கரு இருக்குல்ல, அதோட சுவர்ல இருக்கற புரதம் இது. எமெரின்னு பேரு" என்றார் டாக்டர் ஜெயசீலி, பின்னால் நின்றபடி. "உங்க தம்பியோடதுல ஒரு வளையம்கூட இல்ல. அதைச் செய்யற ஜீன் அவருக்குப் பழுது."

தம்பி நன்மாறன் வெளியே வராந்தாவில் காத்திருந்தான். முழங்கைகள் நிமிராதவன். இதயம் தாளம் தப்பி, மார்பில் பேஸ்மேக்கர் வைத்துக்கொண்டவன். அக்கா உண்டானது தெரிந்ததும், அவளுக்கும் அந்தப் பழுது இருக்கிறதா பார்த்துவிடலாம் என்று பிடிவாதமாக அழைத்து வந்தவனும் அவன்தான்.

அவளுக்கு இத்தனை வளையங்கள் இருந்தன. அவள் சிரிக்கத் தொடங்கினாள்.

"இப்ப உட்கரு எல்லாமே நீலமாத் தெரியும்" என்று டாக்டர் ஒரு விசையைத் தட்டினார்.

நீலம் பரவியது.

ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் ஒரு நீல உருண்டை. வளையமே இல்லாத இடங்களிலும் நீல உருண்டைகள்.

கிட்டத்தட்டப் பாதி.

"நீங்க கேரியர்மா, அந்தப் பழுதான ஜீனைச் சுமக்கறவங்க. உங்களுக்குப் பெருசா ஒண்ணும் வராது. பொறக்கறது பொண்ணுன்னாலும் அப்படித்தான். பையன்னா, தம்பி மாதிரி ஆக பாதிக்குப் பாதி வாய்ப்பு."

அவள் கண்ணை எடுக்கவில்லை.

அக்கா தம்பி என்றால் யாரும் நம்பியதில்லை. அவன் சிவப்பு, அவள் கறுப்பு. அவன் மூக்கு வேறு, அவள் மூக்கு வேறு. இங்கே, அந்த வெற்று நீலத்தில், அவன் அச்சு அசலாக இருந்தான். பிறந்ததிலிருந்து அவளுக்குள் இருந்திருக்கிறான்.

அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை.

வராந்தா வெயிலில் கண் கூசியது. பெஞ்சில் அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என்னக்கா சொன்னாங்க?"

"நான் பாதி உன்ன மாதிரியாம்டா."

அவன் தரையைப் பார்த்தான். அந்த நோயைத் தானே கொண்டுவந்து கொடுத்துவிட்டது போல.

பிறகு அவன் கை அவள் வயிற்றை நோக்கி வந்தது. வழியிலேயே நின்றது. நீளாத முழங்கையாலா, பயத்தாலா, தெரியவில்லை.

அவள் அந்தக் கைக்கு எட்டுமளவு நகர்ந்து உட்கார்ந்தாள்.