ஊறுகாய் ஜாடிக்கு அர்ச்சனை

கொஞ்சம் நெருங்கி உட்காருங்க. உரக்கச் சொன்னா பீரங்கி காதுல விழுந்து தொலைக்கும்.

பீரங்கி என்றால் பவுனம்மாள். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீடுகளில், தோசை சுட்டு விற்றவள். அவள் குரலைக் கேட்டு அந்தப் பேரை வைத்தவர் கூலிச் சங்கத்துத் தலைவர். துரைமாரிடம் நெஞ்சை நிமிர்த்திப் பேசுகிற நல்ல மனுஷன்தான். ஆனால் லயத்துக்கு யார் குடிவந்தாலும் அன்றைக்கே ஒரு பட்டப்பேர் வைக்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

நெட்டையாக வந்தவன் தந்திக் கம்பம். இருமிக்கொண்டே வந்தவன் கூட்ஸ் வண்டி. வெயிலில் சிவந்துபோன ரயில்வே துரைக்குக்கூட வெந்த நண்டு என்று பேர். துரைக்கு மட்டும் அது தெரியாது.

பவுனம்மாள் புருஷன் குள்ளமாய், உருண்டையாய், வாயே திறக்காத ஆள். செமினிப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்திலிருந்து இரண்டு பேரும் வந்து இறங்கிய அன்றைக்கு, தலைவர் அவன் பேரைக் காதோடு கேட்டார். கேட்ட கையோடு லயமே கேட்கக் கத்தினார்:

"எல்லாரும் பாத்துக்குங்க! ஊறுகாய் ஜாடி வந்திருக்கு!"

அவ்வளவுதான், ஒட்டிக்கொண்டது.

பவுனம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள். ஒரு வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலுக்குப் போய், புருஷனுக்கு அர்ச்சனை செய்யச் சொன்னாள். பூசாரி பேர் கேட்டார். கட்டினவன் பேரை அவள் எப்படி வாயால் சொல்லுவாள்?

"முருகன் பேருல ஒண்ணு சாமி."

"அவருக்கு ஆயிரம் பேரு இருக்கேம்மா. கந்தனா?"

"இல்ல."

"சுப்பிரமணியா? ஆறுமுகமா?"

"அதுவும் இல்ல சாமி."

பின்னால் நின்ற தந்திக் கம்பத்துக்குக் கால் கடுத்தது. "ஊறுகாய் ஜாடின்னு போடுங்க சாமி! கூட்டம் நிக்குதுல்ல!"

பூசாரியும், "ஊறுகாய் ஜாடி நாமதேயஸ்ய" என்று மணியை ஆட்டிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டம். தலைவர் முக்காலி மேல் ஏறிப் பேச வாயெடுத்தார். தோசைக் கரண்டியோடு எழுந்து நின்றாள் பவுனம்மாள்.

"நிறுத்துங்க! ஆத்தா முன்னாடியே என் புருஷன ஜாடியாக்கிட்டீங்க. அவ வரம் குடுத்தா யாருக்குப் போகும்? இவருக்கா, ஜாடிக்கா?"

"ஜாடிக்குப் போனா ஊறுகாய் கெடாம இருக்கும்லா," என்றார் மளிகைக்கடை கௌஸ் பாய்.

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

"சிரிங்க, நல்லாச் சிரிங்க! தலைவரே, எங்க வீட்டுக்காரரு பேரு உங்களுக்குத் தெரியும். இத்தனை பேரு முன்னால ஒரே ஒரு தடவ அதச் சொல்லுங்க. இல்லேன்னா நாளையிலேருந்து லயத்துல ஒருத்தருக்கும் தோசை கிடையாது!"

தோசை என்றதும் கூட்டம் கட்சி மாறியது.

"சொல்லிடுங்க தலைவரே!"

"ஒரு பேரைச் சொன்னா வாய் வெந்தா போயிடும்?"

தலைவர் அவளைப் பார்க்கவே இல்லை. கூட்டத்துக்குப் பின்னால், தலைப்பாகையும் கையில் குடையுமாக நின்ற ஒரு புது ஆளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முடியாது! வேணும்னா பெரிய ஊறுகாய் ஜாடின்னு சேத்துக்க!"

பவுனம்மாள் கரண்டியை ஓங்கினாள். அதற்குள் குடைக்காரர் முன்னால் வந்தார்.

"நான் செமினித் தோட்டத்துப் புதுக் கங்காணி. காலையில பெரட்டுக்கு நிக்க வச்சுப் பேரு கூப்பிட்டா பாதி ஆளக் காணோம். எல்லாம் பழைய கங்காணி காலத்துல ஒப்பந்தத்த முறிச்சுட்டு ஓடினவனுங்க. அதுல வேலாயுதம்னு ஒருத்தன் இங்க இருக்கான்னு கேள்விப்பட்டேன். எனக்கு முகம் தெரியாது. ஆளைக் காட்டுங்க, போலீஸ் கூட்டிட்டுப் போகும்."

"வேலாயுதமா?" தந்திக் கம்பம் தலையைச் சொறிந்தான். "அப்படி இங்க யாரும் இல்லீங்களே."

கூட்ஸ் வண்டியும் இருமிக்கொண்டே இல்லை என்று தலையாட்டினான். பொய் இல்லை. நிஜமாகவே ஒருத்தருக்கும் தெரியாது.

கங்காணி பவுனம்மாள் பக்கம் திரும்பினார். "நீதானேம்மா புருஷன் பேருக்காகச் சண்ட போட்ட? அவன் பேரு என்ன, சொல்லு."

அவள் பக்கத்தில் புருஷன் வேர்த்து வழிந்துகொண்டிருந்தான். தலைவரைப் பார்த்தாள். தந்திக் கம்பத்தைப் பார்த்தாள். கூட்ஸ் வண்டியைப் பார்த்தாள். ஒருத்தன் காப்பார் தோட்டத்தான், இன்னொருத்தன் கிள்ளான் பக்கத்தான். யாருமே சொல்லிக்கொண்டு வந்தவர்கள் இல்லை. இவர்கள் நிஜப் பேர் என்ன? அவளுக்கும் தெரியவில்லை!

அப்போதுதான் உறைத்தது.

"கட்டினவன் பேரு சொல்லக் கூடாதுதான். நீங்க கேக்குறதால சொல்றேன்," என்று மூச்சை இழுத்துக்கொண்டாள். "ஊறுகாய் ஜாடி!"

தண்டவாளம் தாண்டிக் கேட்டது அந்தச் சத்தம்.

"அது ஒரு பேரா?"

"கோயில்லயே இந்தப் பேருக்குத்தான் அர்ச்சனை நடக்குது. போய்ப் பூசாரியக் கேளுங்க!"

'நல்ல பைத்தியக்கார லயம்' என்று முணுமுணுத்தபடி கங்காணி குடையை விரித்துக்கொண்டு நடையைக் கட்டினார்.

பவுனம்மாள் கரண்டியை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு முக்காலி அருகே வந்தாள். அவள் குரல் அவ்வளவு தாழ்ந்து யாரும் கேட்டதில்லை.

"எனக்குப் புத்தி இல்லீங்க. இத்தனை பேரையும் ஒளிச்சு வச்சிருக்கீங்க, உங்க பேரக் கேக்கணும்னு எங்க ஒருத்தருக்கும் தோணலியே. உங்க பேரு என்னங்கய்யா?"

தலைவர் முக்காலி மேல் எக்கி நின்று, குடை போகிற திக்கையே பார்த்தார்.

"இரும்மா," என்றார். "அவன் இன்னும் கொஞ்ச தூரம் போகட்டும்."