கடைசி ஏற்றத்தில் சோல்வி

பனிச்சறுக்குப் பந்தயத்தின் கடைசி ஏற்றத்தின் ஓரத்தில் ஈவார் நிற்கிறான். காலையில் இரும்பாய் இறுகிக் கிடந்த பனி, வெயில் பட்டதும் கூழாக நெகிழ்ந்துவிட்டது. ஏற்றத்தில் பின்னால் வழுக்காமலிருக்க, இறுகிய பனிக்கென்று அக்கா சோல்வியின் சறுக்குப் பலகைகளில் அவன் பூசிய மெழுகு இனிப் பிடிக்காது. உலகமெல்லாம் போய்ப் பதக்கம் வாங்கிய சோல்வி, சொந்த ஊரின் இந்த மலையில் மட்டும் ஜெயித்ததேயில்லை. இன்று அவளுக்குக் கடைசிப் பந்தயம். இதோ, இரண்டாவதாக வருகிறாள். உதைக்கும்போதெல்லாம் பலகை பின்னால் வழுக்குகிறது. பந்தயம் பார்க்க வந்து, பாதையோரம் நெருப்பு மூட்டி சாசேஜ் வாட்டிக்கொண்டிருக்கும் ஊர்க்காரி தோர்டிஸ், உற்சாகப்படுத்தக் கையில் வைத்திருந்த மாட்டுமணியை ஆட்டுவதை நிறுத்துகிறாள். “மெழுகு பூசின மகராசன் யாருப்பா? அந்தக் கையைக் கொஞ்சம் காட்டு, பாப்போம்!” ஈவார் கைகளைக் கோட்டுப் பைகளுக்குள் விட்டுக்கொள்கிறான். சோல்வி கிட்டே வந்ததும் கத்துகிறான்: “அக்கா, தப்பு என்னோடது...” “அழுகையை அப்புறம் வச்சுக்கடா! முன்னால போறவ எவ்வளவு தூரத்துல இருக்கா, அதைச் சொல்லு!” என்கிறாள் சோல்வி. “பக்கத்துலதான்! எட்டிப் பிடிச்சிரலாம்!” சோல்வி உதைப்பதையே விட்டுவிடுகிறாள். கையிலுள்ள இரண்டு கோல்களையும் சேர்த்துப் பனியில் குத்தி, வெறும் தோள்பலத்தில் தன்னையே மலைமேல் இழுத்துக்கொண்டு போகிறாள். முகவாயில் எச்சில் இழையாய்த் தொங்குகிறது. உச்சியில் முன்னவளை உரசித் தாண்டுகிறாள். அப்புறம் இறக்கம்தான், வெயிலுக்குள் பாய்ந்து மறைகிறாள். மலை முழுக்க மணிகள் பைத்தியம் பிடித்து அலறுகின்றன. ஒலிபெருக்கி ஜெயித்தவளாக அவள் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் கூட்டத்தின் கத்தல் அதை விழுங்கிவிடுகிறது. ஈவார் பனியிலேயே உட்கார்ந்துவிடுகிறான். தோர்டிஸ் வந்து, பைக்குள் இருந்த அவன் கையை வெளியே இழுத்து, ஆவி பறக்கும் சாசேஜ் ஒன்றை வைக்கிறாள். “இந்தக் கை செய்ய வேண்டியதையும் சேத்து அவ கையே செஞ்சிருச்சு. தின்னு.”