பாட்டின் முன்பாதி

கோட்டைப்பட்டினத்து வீட்டில் சாயங்கால வெயில் ஜன்னல் கம்பிகளைத் தரையில் நீட்டியிருக்கிறது. அன்வர் பாட்சா செல்போனைக் கண்ணாடித் தம்ளருக்குள் நிறுத்துகிறார். "முப்பத்தெட்டு வருஷம் கழிச்சு முழுப் பாட்டும் கெடைச்சிருச்சு," என்கிறார் மனைவி சம்சுன் நிஹாரிடம். எந்தத் தியேட்டரிலும் ஓடாத ஒரு இந்திக் கலைப்படத்தின் பாட்டு. அன்று துபாயில் வேலை பார்த்தபோது, வேறு கேசட் கிடைக்காத அவசரத்தில், இந்தப் பாட்டின்மேல்தான் வீட்டுக்குப் பேசிப் பதிந்து அனுப்பினார். முன்பாதி அழிந்து, அவர் பேச்சுக்குப் பிறகு பின்பாதி மட்டும் கேசட்டில் மிஞ்சியது. இப்போது தம்பூராவின் மேல் ஒரு பெண்குரல் மேளமில்லாமல், அவசரமில்லாமல் ஏறுகிறது. அவர் கண்மூடித் தலையசைக்கிறார். கீரை ஆயும் சம்சுன் நிஹாரின் விரல்கள் நிற்கின்றன. "நல்லாத்தான் இருக்கு. ஆனா இந்த எடத்துல நீங்கல்ல பேசுவீங்க?" சொல்லிவிட்டு, அவர் மறந்தே போன பேச்சை அந்தக் குரலின்மேல் மெதுவாகப் பேசுகிறாள். "ரூமானா தவழுறாளா? நீ நேரத்துக்குச் சாப்புடு. அழுவாத, பெருநாளைக்கு வந்துருவேன்." அவர் கண்ணைத் திறக்கிறார். "வந்தேனா?" "மூணு பெருநாள் கழிச்சு வந்தீங்க." பாட்டு பாதியைத் தாண்டுகிறது. இந்தி தெரியாத சம்சுன் நிஹார் கீரையைக் கையிலெடுத்து, ஒரு வளைவும் தப்பாமல் கூடவே பாடுகிறாள்.