ரெய்யோ அறுத்த பின்கட்டை

அம்மா, நான் வேலை பார்க்கும் பண்ணையின் கொட்டகை வாசலில் நின்றுகொண்டு ஃபோனில் இதைச் சொல்கிறேன். உள்ளே போகத் தயக்கமாக இருக்கிறது. சன்னல் வழியே அக்டோபர் வெயில் சாய்ந்து விழுகிறது, எண்ணெய் வாசனை மூக்கில் ஏறுகிறது. எங்கள் முதலாளி ரெய்யோ, தன் அப்பாவின் வேட்டைத் துப்பாக்கியை மேசையில் கம்பளி விரித்துக் கிடத்தியிருக்கிறார். துருவைச் சுரண்டுவதும் தோளில் வைக்கிற பிர்ச் மரப் பின்கட்டைக்கு எண்ணெய் ஏற்றுவதுமாக நாலு குளிர்காலம் இதிலேயே கிடந்தார். நாளை மகள் வென்லா இதை எடுத்துக்கொண்டுதான் முதல்முறையாக மூஸ் மான் வேட்டைக்குப் போகிறாள். அவள் எடுத்துத் தோளில் வைக்கிறாள். கட்டைவிரல் மூக்கில் இடிக்கிறது.

"என்னப்பா, பொம்மைத் துப்பாக்கி மாதிரி இருக்கு?"

"உன் கையை அளந்துதானே பின்கட்டையை அறுத்தேன்."

"எப்போ? நான் உங்க தோள் உயரம் இருந்தப்பவா?" என்று சிரிக்கிறாள். இப்போது அவள் அவரைவிட உயரம். "சரி விடுங்க, அறுத்த துண்டைக் குடுங்க, ஒட்டிக்கலாம்."

ரெய்யோ கண்ணாடியைக் கழற்றுகிறார். முற்றத்துக்கு அப்பால் சவுனா என்கிற நீராவிக் குளியலறையின் புகைபோக்கி தெரிகிறது. அதையே பார்க்கிறார்.

"பிர்ச் துண்டை யாரு எடுத்து வைப்பா? அன்னிக்கே சவுனா அடுப்புல போட்டுட்டேன். உங்க தாத்தா தோள்ல அழுத்தி அழுத்தித் தேய்ஞ்ச இடம் அது."

வென்லாவின் சிரிப்பு நிற்கிறது. மறுபடி துப்பாக்கியைத் தூக்கி, கழுத்தை வளைத்து, முழங்கையை ஒடுக்கிக் குறி பார்க்கிறாள்.

"இப்ப சரியா இருக்குப்பா."

அவர் அந்த வளைந்த கழுத்தைப் பார்த்துக்கொண்டே எண்ணெய்த் துணியை மடிக்கிறார். மடித்ததையே பிரித்து மறுபடியும் மடிக்கிறார்.