பலகைக்கு அடியில்

தரைக்கு அடியில் கிடந்தவன் மறுபடியும் இருமினான். கையால் வாயைப் பொத்திக்கொண்டு இருமும் இருமல். பயற்றுக் குழம்பை அள்ளிய கரண்டியோடு எர்சிலியா அப்படியே நின்றுவிட்டாள்.

அவள் கணவர் செகுந்தினோ உதட்டில் விரலை வைத்தார். சமனா ஊரில் எல்லாம் மர வீடுகள்தான், ஈரத்துக்குப் பயந்து முழங்கால் உயரம் தூக்கிக் கட்டியிருப்பார்கள். கீழே புகுந்து பலகை இடுக்கில் காதை வைத்தால் போதும், உள்ளே மூச்சு விடுவதுகூடக் கேட்கும். நாட்டை ஆளும் தலைவருடைய ஒற்றர்களுக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்? போன மாதம் முடிவெட்டும் மிலோ, சாப்பிடும்போது விலைவாசியைப் பற்றி ஏதோ அலுத்துக்கொண்டான். மறுநாள் பூட்டிய கடை இன்னும் திறக்கவில்லை.

மிலோவாவது அலுத்துக்கொண்டதோடு சரி. இவர்கள் மகன் எலாதியோ, துறைமுகச் சுவரில் தலைவரைத் திட்டி எழுதிவிட்டு ஓடிப்போனவன். இருக்கிறானா செத்தானா என்றுகூடத் தெரியவில்லை. எர்சிலியா தினமும் அவனுக்கும் சேர்த்து ஒரு தட்டை எடுத்து வைப்பாள், பிறகு கழுவாமலே அலமாரியில் திருப்பி வைப்பாள்.

"காலையில தெருமுனையில ஒற்றனுங்களோட கறுப்புக் கார் நின்னுது," என்று செகுந்தினோ கிசுகிசுத்தார். "மழைக்குத் தெருவுல ஆள் இருக்காதுன்னு பார்த்துப் புகுந்திருக்கான்."

"எதிர்வீட்டு கசில்தா வேற காலையிலேர்ந்து ஜன்னலை விட்டு நகரல."

"அவதான் போட்டுக் குடுத்திருப்பா. அவ முழியே சரியில்ல."

அடியில் தொப்புத் தொப்பென்று ஒரு சத்தம். அவர்களுடைய நாய் வாலால் மண்ணை அடிக்கிறது. தபால்காரரைத் தெருவுக்குள்ளேயே விடாத நாய்.

"பாரு, எலும்பைப் போட்டு நம்ம நாயையே கையில போட்டுக்கிட்டானுங்க. நாளைக்கு அதுவும் போய்ச் சாட்சி சொல்லும்."

வேறு நாளாக இருந்தால் எர்சிலியா சிரித்திருப்பாள்.

செகுந்தினோ தொண்டையைச் செருமிக்கொண்டார். 'இந்த வீட்டின் எஜமான் தலைவரே' என்ற தகரப் பலகை சுவரில் தொங்கியது. அதைப் பார்த்து, தரைக்குக் கேட்கும்படி ஆரம்பித்தார். "தலைவர் மட்டும் இல்லேன்னா நமக்கு இந்தச் சோறு ஏது எர்சிலியா? ரோடு அவர் போட்டது, பள்ளிக்கூடம் அவர் கட்டினது. இந்த மழைகூட அவர் புண்ணியத்துலதான் பெய்யுது."

அந்தப் புண்ணியம் கூரை ஒழுகி அவர் தட்டிலேயே சொட்டியது. தட்டை நகர்த்தி வைத்துக்கொண்டு மேலும் புகழ்ந்தார். கீழே இருந்தவன் அசையவில்லை.

"நான் பேசுறதைக் கேட்க வரல அவன்," என்றார் மெதுவாக. "பிள்ளையைப் பத்தி நீ என்ன சொல்றேன்னு கேட்கத்தான் படுத்திருக்கான். சொல்லு."

"என்ன சொல்ல?"

"அவன் நம்ம பிள்ளையே இல்லேன்னு சொல்லு."

"என் வாயால வராது."

"வராட்டி நாளைக்கு நம்ம ரெண்டு பேரும் மிலோ கூடக் கிடப்போம். அப்புறம் அவன் திரும்பி வந்தா இங்கே யாரு இருப்பா?"

அந்தக் கேள்விதான் அவளை அசைத்தது. கண்ணை மூடிக்கொண்டு, தரையைப் பார்த்துக் குனிந்து பேசினாள்.

"எனக்குப் பிள்ளையே கிடையாது. தலைவரைத் திட்டி எழுதுற கையை என் வயிறு சுமக்கல. அவன் இந்த வாசல்ல வந்து நின்னா நானே இழுத்துட்டுப் போய்ப் போலீஸ்ல விடுவேன். எங்கேயாவது செத்து ஒழியட்டும்."

குரல் துளிகூட நடுங்கவில்லை. பயம் அவளுக்கு அவ்வளவு நன்றாகப் பேசக் கற்றுக் கொடுத்திருந்தது. கண்ணீர் மட்டும் அது பாட்டுக்குத் தட்டில் விழுந்தது.

கீழே வாலாட்டும் சத்தம் நின்றது. சற்று நேரம் கழித்து, வயிற்றால் சேற்றில் ஊர்ந்து போகும் சத்தம் கேட்டது. ஜன்னலைத் திறந்து பார்க்க இருவருக்கும் தைரியம் இல்லை. நாய் மட்டும் தெருமுனை வரை முனகிக்கொண்டே போனது.

"போயிட்டான். பொழைச்சோம்," என்றார் செகுந்தினோ. பசி திரும்பிவிட்டது, இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டார். எர்சிலியாவுக்கு இறங்கவில்லை.

மழை விட்ட பிறகு பின்கதவை யாரோ தட்டினார்கள். திறந்தால் கசில்தா. செகுந்தினோ பதறிப்போய், "தலைவரைப் பத்தித்தான் பேசிக்கிட்டிருந்தோம்," என்று உரக்க ஆரம்பித்தார்.

"போதும், நிறுத்து," என்று கசில்தா உள்ளே நுழைந்து கதவைச் சாத்தினாள். எர்சிலியாவின் கையைப் பிடித்துக்கொண்டு காதோடு சொன்னாள். "எலாதியோ என் வீட்டுப் பரண்லதான் இருந்தான். இப்போ என் தம்பி படகுல கிளம்பிட்டான். படகு கடல்முனையைத் தாண்டுற வரைக்கும் ஜன்னல்லேர்ந்து பார்த்துட்டுத்தான் வர்றேன். இனி அவனை யாரும் தொட முடியாது."

"உயிரோட இருக்கானா?" எர்சிலியா அவள் தோளிலேயே சாய்ந்துவிட்டாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவள் முகத்தில் சிரிப்பு வந்தது. "எதிர்வீட்டுலயே இருந்துட்டு என்னை வந்து பார்க்காமப் போயிட்டானே."

"உள்ளே வந்தா உங்களுக்கு ஆபத்துன்னு பயந்தான். அதான், போறதுக்கு முன்னாடி அம்மா குரலையாவது ஒரு தடவை கேட்டுட்டுப் போறேன்னு உன் தரைக்கு அடியில வந்து படுத்தான். ஏதாவது நல்லதாப் பேசினியா?"